பெங்களூரில் ஒரு கல்லீரல் அறுவைப் பிரிவு: தருமபுரியிலிருந்து போய் வந்த மதிப்பீடு

சர்ஜனுக்கு ஐந்துக்கு ஐந்து. பில் கவுண்டருக்கு ஒன்று, அதுவும் கணினி ஓடியதற்காக. சராசரி மூன்று வரும். ஆனால் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளாகச் சொல்கிறேன், சராசரி போடக்கூடாத இடங்களும் உண்டு. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அண்ணனும் விவரம் வெளியே போவதை விரும்பவில்லை.

நோயாளி என் அண்ணன். பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம். இரத்ததானம் செய்யப் போன இடத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன். தக்காளி அடிமாட்டு விலைக்குப் போன வருடத்திலும் அதை அவர் தவறவிட்டதில்லை. அப்படி ஒன்றில்தான் கல்லீரலில் 2.8 செ.மீ. கட்டி தெரிந்தது. வலியோ காமாலையோ இல்லை, சாப்பாடும் குறையவில்லை. ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால், கட்டி பெரிதாகி வயிறு வீங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

முதலில் காட்டிய வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்னக் கட்டிதான், வெட்டிவிடலாம், முன்பணம் கட்டிவிட்டுப் போங்கள்" என்றார்கள். அண்ணன் பணத்தை எண்ணவே தொடங்கிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்தேன்.

பெங்களூர் சர்ஜன் கட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "மீதிக் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்றார். கிருமி பல வருடம் தங்கிய கல்லீரல் தழும்பேறிச் சுருங்கத் தொடங்கியிருக்கலாம். அப்படிப்பட்டதில் பெரிய துண்டை வெட்டினால், கட்டி போய்விடும், மிச்சம் வேலை செய்யாமல் ஆளும் போய்விடுவார். இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

சைல்டு-பியூ என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனக்குழப்பம் என ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை. 5, 6 வாங்கினால் ஏ வகுப்பு, 10ஓ அதற்கு மேலோ போனால் சி. குறைவாக வாங்குகிறவன் முதல் மாணவன்! அண்ணனுக்கு 5. பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இங்கேதான் பெருமை கிடைத்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் புடைத்த இரத்தக் குழாய் இல்லை, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் ஒரு லட்சத்துக்கு மேல். ஆகவே கல்லீரலுக்குள் வரும் இரத்தத்தின் அழுத்தமும் அதிகமில்லை என்று முடிவு செய்தார்கள். சி.டி. ஸ்கேனில் மருந்து ஏற்றியபோது கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து, சற்று நேரத்தில் மங்கியது. கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுக்கு அதுவே அடையாளமாம். ஊசி குத்தித் துணுக்கு எடுக்கத் தேவையில்லை என்றார்கள்.

அதன் பிறகுதான் வழிகளைப் பற்றிப் பேச்சு. மூன்று வழி. கல்லீரலையே மாற்றுவது, கட்டியை மட்டும் வெட்டுவது, ஊசி வழியாக வெப்பம் செலுத்திச் சுடுவது. மூன்று செ.மீ.க்கு உட்பட்ட கட்டிக்குச் சுடுவதும் நல்ல சிகிச்சைதான், எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் இந்தக் கட்டி கல்லீரலின் விளிம்பில், பெருங்குடலை ஒட்டி இருந்தது. சூடு குடலையும் ஓட்டை போட்டுவிடலாம் என்று படத்தில் தொட்டுக் காட்டினார்.

மாற்று அறுவையைப் பற்றிக் கேட்டதும் அண்ணன் மகள், "என்னுடையதில் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுந்து நின்றாள். ஒரே கட்டி, ஐந்து செ.மீ.க்குள், இரத்தக் குழாயில் நுழையவில்லை. 1996ல் வகுத்த மிலான் வரையறைப்படி அண்ணனுக்கு அந்தத் தகுதி இருந்தது. நோயுற்ற கல்லீரலே போய்விடுவதால் திரும்ப வரும் பயமும் குறைவு. "ஆனால் நன்றாக வேலை செய்கிற கல்லீரலை எடுத்துப் போடுவதா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பின்னால் தேவைப்பட்டால் பார்ப்போம், இப்போது உட்காரம்மா" என்றார் சர்ஜன். அண்ணியின் முகத்தில் உயிர் வந்தது.

குய்னோ என்ற பிரெஞ்சு உடற்கூறு நிபுணர் கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனி இரத்தவரத்து, தனிப் பித்த வடிகால். அதனால்தான் ஒன்றை எடுத்தாலும் மற்றவை பிழைக்கின்றன. அண்ணனுடையது ஆறாவது பகுதி, வலப்பக்கம் கீழே. துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபிக்கு எட்டுகிற இடம். தழும்பேறிய கல்லீரலில் குறைந்தது 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்ற கணக்கில் அவருக்குத் தாராளமாகவே மிச்சம் இருந்தது. வயிற்றில் சில துளைகள். வெட்டிய துண்டைப் பைக்குள் போட்டு அடிவயிற்றில் சிறு கீறல் வழியாக வெளியே எடுத்தார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். மூச்சை இழுத்து மூன்று பந்துகளை ஏற்றும் கருவியைக் கொடுத்து, ஏற்றாவிட்டால் நர்ஸ் திட்டினார். நல்ல தமிழில் திட்டினார், ஓசூர்க்காரர்.

அறுவைக்கு முன்பே, நாங்கள் கேட்காமலே, சர்ஜன் சொன்ன ஒன்றுக்காகத்தான் முழு மதிப்பெண். "வெட்டி எடுத்தாலும் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் கல்லீரலில் வேறெங்காவது மீண்டும் வருகிறது. கிருமிக்கான மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஸ்கேனை நிறுத்தாதீர்கள்." இதை மறைத்துவிட்டுப் பணம் வாங்குவது எவ்வளவு சுலபம்!

இனி குறை. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டும். தமிழ்நாட்டிலிருந்து இத்தனை பேர் வருகிறார்கள், ஒரு தாள் தமிழில் அச்சடிக்க என்ன கேடு? தோராயச் செலவு என்று எழுதிக் கொடுத்ததில் திசுப் பரிசோதனையும் அறுவைக்கு முந்தைய ஸ்கேன்களும் சேரவில்லை. டிஸ்சார்ஜ் என்று காலையில் சொல்லிவிட்டு, காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை என்று மாலை வரை உட்கார வைத்தார்கள். வெட்டுத் தையலோடு ஒரு மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில்! கேண்டீன் சாம்பாரில் வெல்லம். அதைப் பெங்களூரின் குறையாக வைத்துக்கொள்ளலாம்.

போகிறவர்கள் பழைய ஸ்கேன்களின் அறிக்கையோடு படம் பதிந்த சி.டி. தட்டையும் எடுத்துப் போங்கள். அவர்கள் படத்தைத்தான் பார்க்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் பஸ் ஏறும் முன் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் கல்லீரல் அறுவை, மாற்று அறுவை இரண்டும் நடக்கின்றன. திசு அறிக்கையில் வெட்டிய விளிம்பில் புற்று இல்லை என்று வந்திருக்கிறது. பில்லில் இரண்டு முறை போட்ட கையுறைக் கட்டணத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.