ஏழு ஆண்டுகள், ஒரு லேசர் படகு

2018-இல் 'லேசர்' என்ற வகைச் சிறிய பாய்ப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். எனக்கு முன் இருவர் கையில் இருந்த படகு. ஏழு ஆண்டுகளாகப் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள் சென்னைத் துறைமுகத்தில் அதோடுதான் கழிகின்றன. 1911-இலிருந்து பாய்ப்படகு கிளப் இயங்கிவரும் துறைமுகம் இது. 'வாங்கலாமா?' என்று கேட்பவர்களுக்கு விவரமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கனடாவின் புரூஸ் கெர்பி வரைந்த படகு இது. 1971-இல் சந்தைக்கு வந்தது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. நீளம் 4.2 மீட்டர். பாய்மரம் இல்லாமல் உடல் மட்டும் 59 கிலோ. ஒரு பாய், ஓர் ஆள். அதே உடலில் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவுப் பாய்களைப் பூட்டலாம். என் எடை 64 கிலோ. முதல் இரண்டு ஆண்டுகள் பெரிய பாயோடு போராடினேன். மே மாதப் பிற்பகலில் கடல் காற்று ஏறும்போது என் எடை படகை நிமிர்த்தப் போதவில்லை. பிறகு 5.76 பாயும் அதற்கான கீழ்மரமும் (இரண்டு துண்டான பாய்மரத்தின் கீழ்த்துண்டு) வாங்கினேன். படகே மாறியதுபோல் இருந்தது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த அளவுப் பாயைத்தான். எழுபது கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் தயங்காமல் இதிலேயே தொடங்குங்கள்.

பழைய லேசர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பாயை அல்ல, பாய்மரக் குழியை. இந்தப் படகில் மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் கிடையாது. தளத்தில் இருக்கும் குழியில் மரம் தனியாக நிற்கிறது. காற்றின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. மூன்றாவது ஆண்டு என் படகு மந்தமாகிவிட்டது. பாய் தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதுப் பாய் வாங்கினேன். மாற்றமே இல்லை. ஒருநாள் கரையேற்றிப் பின்பக்க மூடியைத் திறந்தபோது தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

படகுகளைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர், மீனவக் குடும்பத்தில் பிறந்தவர், குழி நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டார். "தம்பி, டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம்" என்றார். திரும்பி வந்தபோது தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. குழிதான் கசிந்துகொண்டிருந்தது. முதலில் பழுது பார்த்தவர் குழிக்குள் மேலாகப் பசை பூசிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் மறுபடி கசிந்தது. அடுத்தவர் தளத்தில் கை நுழையும் அளவுக்குத் துளை வெட்டி, உள்ளிருந்து கண்ணாடி இழை ஒட்டினார். அது இன்றுவரை நிற்கிறது.

பாய்மரத்தின் மேல்துண்டில் ரிவெட் அடித்த இடம் பலவீனமானது. அங்கே விரிசல் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பாதங்களை மாட்டிக்கொண்டு வெளியே சாயும் பட்டையின் கயிற்றை ஆண்டுதோறும் மாற்றிவிடுங்கள். வாரப் போட்டிக்குப் பாய் இரண்டு பருவம் நன்றாக உழைக்கும்.

போட்டி என்றால் புறப்பாட்டுக்கு முந்தைய ஐந்து நிமிடங்கள்தான் எனக்கு உயிர். முதல் ஒலி, இன்னும் நான்கு நிமிடம், கடைசி ஒரு நிமிடம், புறப்பாடு. துறைமுகச் சுவரும் கிரேன்களும் காற்றைத் துண்டு துண்டாக்கி அனுப்பும். பாயில் ஒட்டிய கம்பளி நூல் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே எதிரில் காற்று பட்டுத் தண்ணீர் கருக்கும் இடத்தை நோக்கிச் சுக்கானைத் தள்ள வேண்டும். ஜூன், ஜூலையில் மேலைக்காற்று கடல் காற்றைத் தடுத்துவிடும். மாலை வரை காத்திருந்த நாட்கள் உண்டு. அக்டோபருக்குப் பிறகு மழை கொட்டினால் கூவம் முகத்துவாரத்திலிருந்து ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் மிதந்து வரும். படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையைத் தூக்கி அவற்றை உதறுவதற்குள் இரண்டு படகுகள் முந்திவிடும். கடலில் போய்ச் சேரும் அந்தக் குப்பையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வெந்துபோகிறது.

நண்பரின் 26 அடிப் படகில் நால்வராகப் புதுச்சேரி வரை போனோம். ஜனவரி மாதம், முதுகில் வாடைக்காற்று. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் தெரிந்ததிலிருந்து வலை மிதவைகளுக்குப் பயந்து ஒருவர் முன்னால் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். அதிகாலை மூன்று மணிக்குச் சுக்கான் என் கையில். கருவி விளக்கை அணைத்துவிட்டுப் பிடரியில் படும் காற்றை வைத்தே திசை பிடித்தேன். லேசர் கற்றுக்கொடுத்த வேலை அது. படகின் அடிக்கட்டை ஒன்றரை மீட்டர் ஆழம் கேட்கும் என்பதால், புதுச்சேரியில் மணல் சேர்ந்திருந்த முகத்துவாரத்துக்குள் போகாமல் வெளியே நங்கூரமிட்டோம். சூரியன் எழும்போது யாரும் பேசவில்லை.

அப்படிப்பட்ட பயணம் ஏழு ஆண்டுகளில் மூன்று முறைதான் வாய்த்தது. நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு கிடைக்க வேண்டும். லேசருக்கு நான் ஒருவன் போதும். இருநூற்று ஐம்பது முறைக்கு மேல் தண்ணீரில் இறக்கியிருக்கிறேன்.

புதிய பருவத்துக்காக நேற்று குழியில் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டேன். அண்ணனும் நானும் டீ குடித்துவிட்டு வந்தோம். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.