ஆரியங்காவு மலைப்பாதையில் பிளக் மாற்றுவதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய விதம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்குச் சொந்த வண்டியில் சென்று வருபவர்கள், குறிப்பாகக் கார்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

என்னுடையது 1997-ஆம் ஆண்டு மாருதி 800. மூன்று சிலிண்டர்; பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் பிளக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மூன்று. ஆடிச் சாரலில் தங்கை வீட்டுக்குப் போகும்போது, புளியரை எஸ் வளைவு ஏற்றத்திலேயே வண்டி மிஸ்ஸிங் அடித்தது, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு இழுத்தது. எல்லை தாண்டியதும் சாலையோரத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். எதையும் கழற்றிப் பார்க்காமலே, பிளக்கும் அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரும் போய்விட்டன என்று சொல்லி, என்னை எதிரே தேநீர்க் கடையில் உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேட்ட 3,850 ரூபாயைக் கொடுத்தேன். பில்லும் வாங்கவில்லை, கழற்றிய பாகங்களையும் கேட்கவில்லை. மழை விட்டிருந்ததாலும், பானெட் திறந்து கிடந்ததில் ஈரம் உலர்ந்திருந்ததாலும் வண்டி ஒழுங்காக ஓடியது. அதைப் பழுது நீங்கிவிட்டது என்று நம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தென்மலையிலிருந்து மழையில் ஏறி வரும்போது அதே மிஸ்ஸிங் திரும்பியது. எப்படியோ செங்கோட்டை வந்து, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் விட்டேன். இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தார். இரண்டாவது ஒயரின் நடுவிலிருந்து நீலப்பொறி பக்கத்து இரும்பில் தாவுவது கண்ணுக்கே தெரிந்தது. ரப்பர் உறையில் மயிரிழை போன்ற வெடிப்பு. பிளக் முனைக்குப் போக வேண்டிய பல்லாயிரம் வோல்ட், ஈரம் பட்டால் அந்த வெடிப்பு வழியே தரையிறங்கிவிடுகிறது. காய்ந்தால் பழுதே தெரியாது. மல்டிமீட்டர் ஒயரின் உள்ளே இருக்கும் முறிவைக் காட்டுமே தவிர, இந்த வகைக் கசிவைக் காட்டாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். புதியவை என்று சொல்லி மாட்டியவை, என் பழைய ஒயர்களையே கழுவிப் பாலிஷ் போட்டவை.

பிளக்குகளைப் பார்த்தபோதுதான் மனம் மிகவும் நொந்தது. "தம்பி, இது புதுசு இல்ல. வாஷர் தகடாப் போயிருக்கு, பாருங்க," என்றார். புதுப் பிளக்கின் வாஷர் புடைப்பாக இருக்கும். முதல் தடவை இறுக்கும்போதுதான் அது நசுங்கும். பலமுறை கழற்றி மாட்டியதுதான் இப்படித் தட்டையாகும். நடு மின்முனையின் விளிம்பு கூராக இல்லாமல் உருண்டு தேய்ந்திருந்தது. 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டிய, பொறி தாவும் இடைவெளி, தகடு நுழைத்து அளக்கும் ஃபீலர் கேஜில் 1 மி.மீ.க்கு மேல் காட்டியது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்த கீறல்கள் வேறு. நான் நான்கு மாதம் முன்பு மாட்டி, வெளிர் காப்பி நிறத்தில் நன்றாக எரிந்துகொண்டிருந்த மூன்று பிளக்குகளையும் எடுத்துக்கொண்டு, யாரோ கழித்துப் போட்டவற்றை என் வண்டியில் மாட்டியிருக்கிறார்கள். அதிலும் மூன்றாவதைக் கோணலாக வைத்து ஸ்பானரால் முறுக்கியதில் பிளக் பொருந்தும் அலுமினிய ஹெட்டின் மரை கெட்டு, தென்காசி லேத்தில் உள்மரை போட வேண்டியதாயிற்று. பிளக்கை முதலில் கையாலேயே அடிவரை திருக வேண்டும். புதுப் பிளக் என்றால், வாஷர் பதிந்த பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று போதும்.

ஆகவே, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். அதன் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றினால் பழுதும் கூடவே போகிறதா என்று பாருங்கள். போனால் பிளக், அதே இடத்தில் நின்றால் முதலில் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். புதுப் பிளக்கின் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பழையவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த மூன்று பிளக்குகளோடு திரும்பப் போய்க் கேட்டேன். வேலை செய்த பையன் நின்றுவிட்டான் என்றார்கள். கடை கேரளத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. என்ன மாட்டினார்கள் என்று எழுதிய பில் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்.