சட்டக் கல்விக்கு முன் பி.ஏ. ஆங்கிலம்: படித்து முடித்தவரின் மதிப்பீடு

வழக்கறிஞராக வேண்டும் என்ற முடிவோடு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்து, பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. முடித்து, இப்போது ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். அந்த முதல் மூன்றாண்டுகளால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மூன்றாண்டு எல்எல்.பி.யில் சேர ஆங்கிலப் பட்டம்தான் வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் வழக்கறிஞர் தொழிலை முறைப்படுத்தும் பார் கவுன்சில் விதித்த குறைந்தபட்ச மதிப்பெண், அதாவது பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு, இருந்தால் போதும். ஆனால் தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம் ஒதுக்குகிறார்கள் என்பதால், இலக்கியத் தாள்களைத் திருத்துவோரின் சிக்கனமான கை நமக்குப் பாதகமாகலாம்.

பயன் என்றால், நிதானமாக வாசிக்கும் பழக்கத்தைத்தான் சொல்வேன். ஒரு கவிதையின் ஒற்றைச் சொல்லுக்காக ஒரு மணி நேரம் வாதிட்ட வகுப்புகள் அன்று வீண்வேலையாகத் தோன்றின. சட்டப் பிரிவில் வரும் 'ஷால்' (shall) கட்டாயத்தைக் குறிக்கிறதா, 'மே' (may) உண்மையிலேயே விருப்பத்துக்கு விடப்பட்டதா என்று நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக ஆராய்வதைப் படித்தபோதுதான் அந்தப் பயிற்சியின் அருமை தெரிந்தது. 'கார், பஸ், லாரி மற்றும் பிற வாகனங்கள்' என்ற தொடரில் மாட்டுவண்டி அடங்குமா என்பது போன்ற கேள்விகளை எங்கள் வகுப்பில் நான் ரசித்த அளவுக்கு வேறு யாரும் ரசித்ததாக நினைவில்லை. கம்பெனிச் சட்டத்தில் பி.காம். படித்த நண்பர்கள் என்னை எளிதாக முந்தினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

பெரிய குறை மொழிபெயர்ப்பு. அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். கீழமை நீதிமன்றத்திலோ சாட்சி தமிழில் பேசுகிறார். 'கைமாத்தா வாங்கினேன்' என்ற வாக்குமூலத்தை மேல்முறையீட்டு மனுவில் பொருள் சிதையாமல் ஆங்கிலமாக்க எந்தத் தாளும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

கட்டுரை எழுதிப் பழகிய கை இன்னொரு தொல்லை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிராதில், அதாவது வழக்கைத் தொடுக்கும் மனுவில், முக்கியச் சங்கதிகளை மட்டும் சுருக்கமாக, பத்திகளுக்கு எண்ணிட்டு எழுதச் சொல்கிறது. நான் எழுதிய முதல் பிராதில் சீனியர் சிவப்பு மையால் அடித்தவை பெரும்பாலும் பெயரடைகள்.