ஏப்ரனா, டூல் பெல்ட்டா? வீட்டுப் பட்டறையில் எதைக் கட்டுவது

என் மர வேலைப் பட்டறை என்பது கார் நிறுத்துவதற்காக வீட்டை ஒட்டிக் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டகை. நடுவில் வேலை மேசை, அதன் முன்பக்கத்தில் கட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், சுவரில் உளிகளும் ரம்பங்களும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே போனால் வெயில் ஏறும் வரை அங்கேதான். இவ்வளவு சின்ன இடத்திலேயே பென்சிலைத் தேடி எத்தனை முறை சீவல் குவியலைக் கிளறியிருப்பேன் என்று கணக்கில்லை. இழைப்புளி ஓட்ட ஓட்ட மேசை முழுக்கச் சீவல் சுருண்டு விழும். கையிலிருந்து கீழே வைத்த பென்சில், ஸ்டீல் ஸ்கேல், டேப் எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். உடம்பிலேயே எதையாவது கட்டிக்கொண்டால்தான் சரிப்படும் என்று தோன்றியது. முதலில் இடுப்பைச் சுற்றிப் பைகள் தொங்கும் டூல் பெல்ட் வாங்கினேன், அப்புறம் உடம்பின் முன்பக்கத்தை மூடும் ஏப்ரன். இரண்டையும் சில வருடங்கள் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஊர் ஆசாரிமார் பலர் இரண்டையுமே கட்டியதில்லை. எங்கள் தெருவில் கதவு நிலை செய்ய வந்த பெரியவர் திண்ணையை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் கால் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார். கருவிகள் எல்லாம் பக்கத்தில் விரித்த சாக்கின் மேல் இருக்கும். பென்சில் காதில், ஆணி உதட்டில், சில்லறைச் சாமான் வேட்டி மடியில், வியர்வை துடைக்கத் தோளில் துண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எல்லாம் கிடைத்துவிடும். மேசை போட்டு, நின்று, நடந்து வேலை செய்கிற நமக்குத்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

டூல் பெல்ட்டைப் புரிந்துகொள்ள, அதை அன்றாடம் கட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு மரச்சட்டங்கள்தான் எலும்புக்கூடு. அதை நிறுத்துகிற தச்சர் ஏணியிலும் கூரைச் சட்டத்தின் மேலும் நின்றபடி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான ஆணி அடிப்பார். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே இறங்கி வர முடியுமா? அதனால் ஆணிக்கு ஒரு பை, சுத்தியலுக்கு ஒரு வளையம், டேப்புக்கு ஒரு கூடு என்று எல்லாம் இடுப்பைச் சுற்றி வந்துவிட்டது. சில மாதங்களில் கை பார்க்காமலே போய் எடுக்கப் பழகிவிடும். வேலை நடக்கும் இடம் நகர்ந்துகொண்டே இருந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அதன் அருமை எனக்குத் தங்கை வீட்டில்தான் தெரிந்தது. சமையலறைப் பரணுக்கு நான்கு கதவுகள் மாட்ட வேண்டும். ஏணியின் ஐந்தாவது படியில் நின்று, கதவைத் தோளால் தாங்கி, ஒரு கையால் கீலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்புக்குக் கொண்டுபோனால் ஸ்குரூ விரலுக்கு வருகிறது. அடுத்து பிட், அடுத்து ஸ்குரூடிரைவர். கீழே நின்ற தங்கை “அண்ணா, ஏதாவது எடுத்துத் தரவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி வரை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பெல்ட் இல்லாமல் அதே வேலையைச் செய்திருந்தால் பாதி நேரம் படி ஏறி இறங்குவதிலேயே போயிருக்கும்.

அதே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தால் கதை வேறு. இழைப்புளி ஓட்டும்போது உடம்பு மேசையை ஒட்டி முன்னும் பின்னும் போகும். தள்ளும் விசை இடுப்பிலிருந்துதான் வருகிறது, கை வெறுமனே வழிகாட்டும். அந்த இடுப்பைச் சுற்றிப் புடைத்த பைகள் இருந்தால் மேசையை ஒட்டி நிற்கவே முடியாது. ஒருமுறை மெருகேற்றி முடித்த நாற்காலியைத் தாண்டிப் போகத் திரும்பினேன். வளையத்தில் தொங்கிய சுத்தியலின் பிடி நாற்காலியின் காலில் உரசி இரண்டு அங்குல நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. தேக்கில் வெள்ளையாகத் தெரிந்த அந்தக் கோட்டை எடுக்க அந்தக் காலையே மறுபடி தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. இன்னொன்று, பெல்ட் பைகளுக்கு வாய் எப்போதும் திறந்தே இருக்கும். மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் இயந்திரத்தை ஓட்டிய நாளில் பைக்குள் கைவிட்டால் ஸ்குரூவுக்குப் பதில் ஒரு பிடி மரத்தூள்தான் வரும்.

எடையையும் சொல்லியாக வேண்டும். சுத்தியல், ஐந்து மீட்டர் டேப், மூலைமட்டம், குறடு, இரண்டு ஸ்குரூடிரைவர், ஒரு கைப்பிடி ஸ்குரூ எல்லாம் போட்டு வீட்டுத் தராசில் வைத்தேன். மூன்றரைக் கிலோ. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க என்றால் கீழ்முதுகு சொல்லிவிடும். அதனால் பெல்ட் வாங்குகிறவர்கள் அகலமான பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வையுங்கள். கனமான சாமானை ஒரே பக்கம் மாட்டாமல் இருபுறமும் பிரித்து மாட்டுங்கள். தோள்வார் இருந்தால் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

பெல்ட்டைக் கழற்றி மாட்டியதற்கு இந்தத் தொல்லைகள் மட்டும் காரணமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் சாக்பீஸால் ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன். எந்தக் கருவிக்குக் கை போகிறதோ அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு. அன்று செய்தது ஒரு சின்னப் புத்தக அலமாரி, எல்லாம் ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் துளைக்குள் செருகும் கழுந்து இணைப்பு. மாலையில் எண்ணினால் பென்சிலுக்கு 41 கோடு, ஸ்டீல் ஸ்கேலுக்கு 26, டேப்புக்கு 14, கோடு கீறும் கத்திக்கு 19. சுத்தியலுக்கு இரண்டே இரண்டு. உளிகள் பலமுறை கைக்கு வந்தன, ஆனால் அவை எப்படியும் மேசையில்தான் இருக்க வேண்டும். வீட்டுப் பட்டறையில் உடம்பில் சுமக்க வேண்டியது நான்கே சாமான். நான்கும் சேர்ந்தால் அரைக் கிலோகூட வராது. மீதி எல்லாம் மூன்று எட்டில் சுவரில் இருக்கிறது. வேலையைத் தேடி நாம் போகும்போது பெல்ட் வேண்டும். மரமே நம் மேசைக்கு வரும் இடத்தில் அந்த நான்கு சாமானுக்கு ஏப்ரன் போதும்.

ஏப்ரன் பையோடு நிற்பதில்லை, உடுப்பையும் காக்கிறது. ஃபெவிகால் பிதுங்கி வழியும்போது கையை எதில் துடைப்போம்? கால்சட்டையில்தான். வார்னிஷ் சொட்டு, எண்ணெய்க் கறை, இழைப்புத் தூள் எல்லாவற்றையும் முன்பக்கத் துணி வாங்கிக்கொள்கிறது. தேக்குத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும். எனக்கு முழங்கை மடிப்பிலும் வயிற்றிலும் வந்துகொண்டிருந்தது. ஏப்ரன் கட்டத் தொடங்கிய பிறகு வயிற்றில் வருவது நின்றுவிட்டது.

ஆனால் கடையில் கிடைக்கும் ஏப்ரன் எல்லாம் மர வேலைக்குச் சரிவராது. முதல் குறை கழுத்துப் பட்டை. சமையலுக்கு அது போதும். பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு மேசை மேல் குனிந்தே நிற்கும்போது பாரம் முழுக்கப் பிடரியில் இறங்கும். முதுகில் குறுக்காகப் போய்த் தோள்களில் உட்காரும் பட்டைதான் வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டாவது, நெஞ்சுப் பை. அகலமாகத் தைத்திருந்தால் குனிந்த உடனே ஸ்டீல் ஸ்கேல் நழுவி விழும். அப்படி ஒருமுறை இழைத்து முடித்த பலகையில் அதன் மூலை குத்தி விழுந்து, நகம் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். மூன்றாவது, வயிற்றுக்கு நடுவே தைக்கும் பெரிய பை. வைஸின் கைப்பிடி சரியாக அந்த உயரத்தில்தான் நிற்கிறது. ஒருநாள் மேசையை விட்டு அவசரமாக விலகினேன். கைப்பிடி பையின் வாய்க்குள் புகுந்து என்னைப் பிடித்து நிறுத்தியது, தையல் கிழிந்தது. அன்று கையில் உளி இல்லை. இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் மூன்றாவது ஏப்ரனை நானே தைக்கக் கொடுத்தேன். வெளிநாட்டு அடுக்களைகளுக்குப் போகும் ஏப்ரன்கள் கரூரிலிருந்து கட்டுக்கட்டாக ஏற்றுமதியாகின்றன. நமக்குத் துணி கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்றரை மீட்டர் தடித்த கேன்வாஸ் வாங்கி, தெருமுனை டெய்லரிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். நெஞ்சில் ஒரு பை, அதில் பென்சிலுக்கு ஒரு விரல் அகலத்திலும் ஸ்கேலுக்கு இரண்டு விரல் அகலத்திலும் ஆழமான இரண்டு தனி அறைகள். பென்சில் தலை மட்டும் வெளியே தெரிந்தால் போதும், குனிந்தாலும் விழாது. கீழே பைகள் நடுவில் வேண்டாம், இரண்டு தொடையின் பக்கவாட்டில், வாய்க்கு மேல் ஒரு மடிப்பு மூடியோடு. அந்த மூடிதான் தூளைத் தடுக்கிறது. நீளம் முழங்காலுக்கு நான்கு விரல் மேலே, நடுவில் ஒரு வெட்டு. குத்துக்காலிட்டு உட்கார வேண்டிய வேலை நமக்கு நிறைய உண்டு. வெட்டு இல்லாத ஏப்ரன் அப்போது முழங்காலில் இழுத்துக்கொள்ளும். “தோசைக்கடைக்கா சார்?” என்று கேட்ட டெய்லர், விஷயத்தைச் சொன்னதும் பை ஓரங்களுக்கு ஜீன்ஸ் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். இதுவரை ஓர் இழைகூடப் பிரியவில்லை.

தோல் ஏப்ரன் படங்களில் அழகாக இருக்கும். ஆசைப்பட்டு ஒரு நண்பருடையதை வாங்கிக் கட்டிப் பார்த்தேன். நம் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பத்து நிமிடத்தில் சட்டை நெஞ்சோடு ஒட்டிவிட்டது. வியர்வை சொட்டி இழைப்புளியின் இரும்பில் விழுந்தால் மறுநாளே துருப்புள்ளி வைக்கும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் சரி.

நெஞ்சுப் பகுதியே இல்லாத ஏப்ரனும் உண்டு. ஜப்பானில் அரிசிக்கடை, மதுக்கடைத் தொழிலாளர்கள் கட்டி வந்த மாஎகாகே அப்படிப்பட்டது. டொயொஹாஷி நகரத்துத் தடித்த பருத்தித் துணி, இடுப்பெலும்பில் தாழ்த்தி இறுக்கிக் கட்டுவார்கள். மூட்டை தூக்கும்போது இடுப்புக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். நம் வெயிலுக்கு இந்த அரை ஏப்ரன் நன்றாகவே ஒத்துவரும். நெஞ்சுப் பை மட்டும் இருக்காது, பென்சில் பழையபடி காதுக்குப் போய்விடும். பக்கத்தில் தொங்கு பைகள் வைத்த சுவீடன் நாட்டு வேலைக் கால்சட்டைகளும் இருக்கின்றன. நல்லவைதான், ஆனால் வாரத்தில் ஒருநாள் வேலை செய்கிறவருக்கு அந்த விலை தேவையில்லை.

இயந்திரங்களுக்கு முன்னால் மட்டும் இந்த ஒப்பீட்டைத் தள்ளி வையுங்கள். மரத்தைச் சுழலவிட்டுச் செதுக்கும் கடைசல் இயந்திரம், தூணில் பொருத்திய துளைக்கருவியான பில்லர் டிரில் மாதிரி சுழலும் எதிலும் தொங்குகிற நாடா, துணி முனை, தோள் துண்டு சிக்கினால் கை எடுக்க நேரம் கிடைக்காது. ஏப்ரன் நாடாவை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கூடவே கூடாது. பின்னால் கட்டி, மிச்ச முனையை உள்ளே செருகுங்கள். நாடாவுக்குப் பதில் பட்டனோ பிளாஸ்டிக் கிளிப்போ வைத்தால் இன்னும் நல்லது. கடைசலே முக்கிய வேலையாக இருப்பவர்களுக்குக் கழுத்து வரை மூடும் தனி மேலங்கி இருக்கிறது. சீவல் உள்ளே குவியாமலிருக்க அதில் பைகளைப் பின்பக்கம் வைத்திருப்பார்கள். நான் கடைசலுக்கு நிற்கும்போது ஏப்ரனைக் கழற்றிவிடுகிறேன், பெல்ட்டையும்தான்.

உளியைப் பெல்ட்டிலும் போடாதீர்கள், ஏப்ரனிலும் போடாதீர்கள். குனிந்தால் அதன் முனை தொடையைத் தேடும், நழுவினால் பாதத்தைத் தேடும்.

தூள் விஷயத்தில் ஏப்ரன் பாதி வேலைதான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. துணி நுரையீரலைக் காக்காது, அதற்கு முகக்கவசமும் தூள் உறிஞ்சும் கருவியும் வேண்டும். ஏப்ரன் செய்வது அந்தத் தூளைச் சட்டையோடு வீட்டுக்குள் கொண்டுபோகாமல் தடுப்பது. கொட்டகை வாசலில் ஒரு ஆணி அடித்து, அங்கேயே கழற்றி மாட்டிவிடுங்கள். பக்கத்து ஆணியில் என் பெல்ட் தொங்குகிறது, ஸ்குரூவும் பிட்டும் போட்டபடியே. யார் வீட்டிலாவது கதவு இறங்கிவிட்டது என்று கூப்பிட்டால் அப்படியே எடுத்துக் கட்டிக்கொண்டு போகலாம்.

ஏப்ரனை மாதம் ஒருமுறை துவைத்தால் போதும். முதலில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெட்டவெளியில் நன்றாக உதறுங்கள், பைகளை உள்பக்கம் வெளியே இழுத்து மூலையில் படிந்த தூளையும் தட்டிவிடுங்கள். காய்ந்த ஃபெவிகால் இருந்தால் வெந்நீரில் ஊறவையுங்கள், இளகியதும் மழுங்கின கத்தியால் சுரண்டிவிடலாம். பென்சிலை எடுத்தாயிற்றா என்று ஒருமுறை பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் துவைக்கப் போடுங்கள்.