ஜப்பான் ஆபீஸுக்கு இன்டர்னா போறவங்களுக்கான 2 நாள் மேனர்ஸ் ட்ரெயினிங்: 3 மாசம் வேலை பாத்த பிறகு என் ரிவ்யூ

டோக்கியோல ஷினகாவா பக்கம் ஒரு கம்பெனில 3 மாசம் இன்டர்ன்ஷிப் முடிச்சேன், வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். சேர்றதுக்கு முந்தின வாரம், வெளிநாட்டு இன்டர்ன்களுக்குன்னே நடத்துற 2 நாள் பிசினஸ் மேனர்ஸ் ட்ரெயினிங்குக்கு கம்பெனியே அனுப்பி வச்சுது, ஃபீஸும் அவங்களே கட்டிட்டாங்க. நடத்துறவங்க பேர இங்க போடல, இந்த மாதிரி ட்ரெயினிங் அங்க நிறைய இடத்துல நடக்குது, பாடமும் பெரும்பாலும் இதேதான். முடிச்ச அன்னிக்கே ரிவ்யூ எழுதியிருந்தா கண்ண மூடிட்டு 5 ஸ்டார் குடுத்திருப்பேன். ஆபீஸ்ல 3 மாசம் உக்காந்து பாத்துட்டு எழுதுறதால 3.5.

முதல்ல நல்லத சொல்லிடறேன். ஃபோன் எடுக்கறதுக்கு ஒரு முழு மத்தியானம் ஒதுக்கினாங்க, அந்த ஒரு செஷனுக்காகவே போகலாம். 3 ரிங்குக்குள்ள எடுக்கணும், அதத் தாண்டிட்டா "ஒமத்தாசே ஷிமாஷ்தா", அதாவது காக்க வச்சுட்டேன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும். இது ஈசி. கஷ்டம் எங்கன்னா, வெளிய இருந்து ஒருத்தர் உங்க மேனேஜர கேட்டு ஃபோன் பண்றார்னு வைங்க, நம்ம மொழில "சார் வெளிய போயிருக்காருங்க"ன்னு சொல்லுவோம், யார்கிட்ட பேசினாலும் சாருக்கு மரியாதை கொறயாது. அங்க வெளி ஆள்கிட்ட பேசும்போது உங்க மேனேஜரும் உங்க வீட்டு ஆள் கணக்கு, அதனால பேருக்குப் பின்னாடி மரியாதைக்கு சேக்கற "சான்" போடக்கூடாது, மேனேஜர் பேர் தனகான்னா வெறும் "தனகா இப்ப சீட்ல இல்ல"ன்னு வினைச்சொல்லயும் தாழ்த்தித்தான் சொல்லணும். அதே தனகா பக்கத்துல வந்து நின்னா உடனே தனகா சான், இல்லன்னா பதவிய சேத்து தனகா கச்சோ, கச்சோன்னா செக்ஷன் ஹெட். எனக்கு அது வாய்ல வரவே இல்ல, என்னமோ பெரியவர பேர் சொல்லி கூப்புட்ட மாதிரி கூச்சமா இருந்துச்சு. ட்ரெயினர் அம்மா சலிக்காம இருபது தடவயாவது சொல்ல வச்சாங்க. அவங்க குடுத்த ஒரு பக்க ஃபோன் ஷீட்ட 3 மாசமும் என் மானிட்டருக்குக் கீழயே ஒட்டி வச்சிருந்தேன்.

கெய்கோங்கற மரியாதைப் பேச்ச 3 வகையா பிரிச்சு சொல்லிக் குடுத்ததும் நல்லா இருந்துச்சு. எதிராள ஒசத்தறது, நம்மள தாழ்த்திக்கறது, பொதுவா பணிவா பேசறது. வாக்கியம் நம்ம தமிழ் வரிசைலயே போறதால, வினை கடைசில வர்றதால, எனக்கு அது மத்த நாட்டுக்காரங்கள விட கொஞ்சம் சீக்கிரம் பிடிபட்டுச்சுன்னு நினைக்கிறேன். ஆனா ஜேஎல்பிடிங்கற ஜப்பானிய மொழித் தேர்வுல குறைஞ்சது நடு லெவலான என்3 ஆச்சும் இல்லாம போனா பாதி வகுப்பு தலைக்கு மேல போயிடும், எங்க பேட்ச்ல ரெண்டு பேருக்கு அப்படித்தான் ஆச்சு, அவங்களுக்குன்னு தனியா எதுவும் செய்யல.

இப்ப குறை. மெய்ஷி, அதாவது விசிட்டிங் கார்டு மாத்திக்கறதுக்கு ஒன்றரை மணி நேரம். எந்திரிச்சு நிக்கணும், ரெண்டு கையால குடுக்கணும், நம்ம கார்ட அவங்க கார்டுக்குக் கொஞ்சம் கீழ பிடிக்கணும், வாங்கினத பாக்கெட்ல சொருகாம மீட்டிங் முடியிற வரைக்கும் மேசைல வைக்கணும். எல்லாம் சரி, ஆனா எங்கள்ல முக்கால்வாசி பேருக்கு கம்பெனி கார்டே அடிச்சுக் குடுக்கல, குறுகிய கால இன்டர்னுக்கு யாரு குடுப்பா. கார்டு இல்லாதவன் என்ன பண்ணணும்ங்கறதுதான் எங்களுக்கு வேண்டியிருந்துச்சு, அத சொல்லவே இல்ல. முதல் கிளையன்ட் மீட்டிங்ல அவர் ரெண்டு கையால நீட்டுறார், என் கை வெறும் கை, முகமெல்லாம் சூடாயிடுச்சு. கைவசம் கார்டு இல்ல, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டு ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா போதுமாம், அப்புறம் என் சென்பாய், அதாவது ஆபீஸ்ல எனக்கு சீனியர், அவர்தான் சொல்லிக் குடுத்தார். ஒரே வரி. அந்த ஒன்றரை மணி நேரத்துல அதுக்கு இடம் இருந்திருக்கணும்.

உக்கார்ற இடம், லிஃப்ட், டாக்ஸி எல்லாம் வேகமா சொன்னாங்க, அது போதும். கதவுக்கு ரொம்ப தூரமா இருக்கற சீட் பெரியவங்களுக்கு, டாக்ஸில டிரைவருக்குப் பின்னாடி சீட் பெரியவங்களுக்கு, லிஃப்ட்ல பட்டன் பக்கம் நிக்கறது நம்ம வேலை.

ஆனா ஹோரென்சோ விஷயத்துலதான் எனக்கு உண்மையிலயே வருத்தம். ஹோகொகுன்னா நடந்தத மேல சொல்றது, ரென்ராகுன்னா சம்பந்தப்பட்டவங்களுக்கு தகவல் குடுக்கறது, சோதான்னா கலந்து கேக்கறது. மூணோட முதல் பகுதியையும் சேத்தா ஜப்பானிய மொழில பசலைக்கீரை மாதிரி ஒரு கீரையோட பேரு வருது, அதனால போர்டுல ஒரு கீரைக்கட்டு படம் வரைஞ்சாங்க, எல்லாரும் எழுதிக்கிட்டோம், 20 நிமிஷத்துல முடிஞ்சுது. 3 மாசத்துல தினமும் தேவைப்பட்டது இதுதான். 3ஆவது வாரம் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்ல நான் போட்ட எண்கள் தப்புன்னு மத்தியானம் 3 மணிக்கே தெரிஞ்சுடுச்சு, நானே சரி பண்ணிட்டு முழுசா முடிஞ்ச பிறகு சொல்லலாம், அதுதான் பொறுப்புன்னு நினைச்சு ராத்திரி வரைக்கும் உக்காந்து முடிச்சேன். மறுநாள் காலைல கச்சோகிட்ட பெருமையாதான் போய் சொன்னேன். அவர் திட்டல. "3 மணிக்குத் தெரிஞ்சத ஏன் 3 மணிக்கே சொல்லல"ன்னு மட்டும் மெதுவா கேட்டார். அந்த பழைய எண்கள வச்சு என் சென்பாய் சாயங்காலமே கிளையன்ட்டுக்கு ஒரு டாக்குமென்ட் ரெடி பண்ணியிருக்கார், அத மொத்தமா மறுபடி செய்ய வேண்டியதா போச்சு. அவர் முகத்த பாக்கவே முடியல என்னால.

அதுக்கப்புறம் சென்பாய் சொன்னது இதுதான், கெட்ட செய்திய பாதியிலயே சொல்லு, தீர்வோட வர வேண்டியதில்ல, நீ தனியா சரி பண்றது எங்களுக்கு உதவி இல்ல, நீ எங்க நிக்கறேன்னு தெரிஞ்சாதான் நாங்க எங்க நிக்கணும்னு எங்களுக்குத் தெரியும். ட்ரெயினிங்ல இத ஒரு சின்ன நாடகமா நடத்திக் காட்டியிருந்தா போதும், கீரை படத்த விட ஆயிரம் மடங்கு புரிஞ்சிருக்கும்.

இதே மாதிரி "முசுகாஷீ தெஸ் நே". கஷ்டமா இருக்கேன்னு அர்த்தம், அகராதில அப்படித்தான் இருக்கு. மீட்டிங்ல டெஸ்ட் கேஸ்கள வேற மாதிரி பிரிக்கலாம்னு ஒரு யோசனை சொன்னேன், கச்சோ பல்லு வழியா ஸ்ஸ்னு மூச்ச இழுத்து தலைய சாச்சுக்கிட்டே இத சொன்னார். கஷ்டம்னா செஞ்சு காட்டினா ஒத்துப்பாங்கன்னு ரெண்டு நாள் உக்காந்து மாதிரி ஒண்ணு செஞ்சேன். அது வேணாம்ங்கறதோட மரியாதையான வடிவம்னு எனக்கு யாரு சொன்னா? அந்த மாதிரி விஷயத்த நேரா மீட்டிங்ல வச்சதே தப்பாம். முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா காட்டி, அவங்க சந்தேகத்த கேட்டு திருத்திட்டுதான் மீட்டிங்குக்கு கொண்டு வரணும், நெமாவாஷின்னு பேரு. மரத்த வேற இடத்துல நடறதுக்கு முன்னாடி வேர சுத்தி பக்குவமா தோண்டி வைப்பாங்கள்ல, அந்த வார்த்தை. அடுத்த மாசம் அதே யோசனைய 4 பேர்கிட்ட காபி மெஷின் பக்கத்துல வச்சு காட்டிட்டு கொண்டு போனேன், 5 நிமிஷத்துல ஒத்துக்கிட்டாங்க. ட்ரெயினிங்ல நெமாவாஷி என்ற சொல்லே வரல.

வீட்டுக்குக் கிளம்பறத பத்தியும் பாதிதான் சொன்னாங்க. "ஒசாகி நி ஷிட்சுரெய் ஷிமாஸ்", உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன் மன்னிக்கணும், அதுக்கு பதில் "ஒத்சுகரேசாமா தெஷ்தா", உழைச்சதுக்கு நன்றிங்கற மாதிரி, பெரியவங்க சின்னவங்ககிட்ட சொல்ற கொகுரோசாமாவ நாம பெரியவங்ககிட்ட சொல்லக்கூடாது, இதெல்லாம் ஆச்சு. 2019 ஏப்ரல்ல இருந்து பெரிய கம்பெனிகளுக்கும் அடுத்த வருஷம் சின்ன கம்பெனிகளுக்கும் ஓவர்டைம் பொதுவா மாசம் 45 மணி, வருஷம் 360 மணின்னு சட்டத்துல வரம்பு வந்ததயும் சொன்னாங்க. ஆனா 5.30க்கு வேலை முடிஞ்சும் ஒருத்தர் கூட எந்திரிக்காத ஹால்ல ஒரு இன்டர்ன் எப்படி முதல்ல எந்திரிக்கறது? முதல் வாரம் முழுக்க சும்மா 7 மணி வரைக்கும் ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்திருந்தேன். 5 மணிக்கே போய் "நான் ஏதாவது உதவி செய்யணுமா"ன்னு கேட்டுடு, இல்லன்னு சொன்னா தாராளமா கிளம்பு, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கன்னு இதுக்கும் சென்பாய்தான் வழி சொன்னார். அப்படியே செஞ்சேன், சரியாவே இருந்துச்சு.

சாப்பாடு விஷயத்துல ட்ரெயினிங் சுத்தமா ஃபெயில். குடுத்த பென்தோல, அதாவது டப்பா சாப்பாட்டுல, சைவம் சாப்புடறவங்களுக்கு வெறும் சோறும் ஊறுகாயும்தான், காய்கறி மாதிரி தெரியறதுலயும் மீன் போட்டு காச்சின தாஷி சாறு இருக்கும்னு அவங்களே கடைசிலதான் சொன்னாங்க. ஆபீஸ் நொமிகாய், அதாவது எல்லாரும் சேந்து குடிக்கப் போற பார்ட்டி பத்தி 10 நிமிஷம்தான் பேசினாங்க. எல்லாரும் முதல் ரவுண்டு பீர்னு சொல்லும்போது ஊலோங் டீ வாங்கிக்கிட்டு கன்பாய், அதாவது சியர்ஸ், சொல்றது முழுசா சரி, பக்கத்துல இருக்கவங்க கிளாஸ் காலியானா நம்ம ஊத்தினா சந்தோஷப்படுவாங்க. சைவம்னா ஏற்பாடு பண்ற ஆள்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, கடைல போய் உக்காந்த பிறகு சொன்னா அவருக்குத்தான் சங்கடம்.

டிரெஸ் பத்தி ஒரு சின்ன விஷயம். சூட் கட்டாயம்னு சொல்லி அனுப்பினாங்க, நான் சேந்தது ஜூன், வெயில் காலத்துல கோட், டை இல்லாம லேசா டிரெஸ் பண்ணலாம்னு 2005ல இருந்து நடக்கற கூல் பிஸ்னால எல்லாரும் அரைக்கை சட்டைல இருந்தாங்க. முன்னாடியே ஆபீஸ்லயே மெயில் பண்ணி கேட்டுடுங்க.

கம்பெனி பணம் கட்டினா கண்டிப்பா போங்க. உங்க சொந்தக் காசுன்னா ஃபோன் செஷன் மட்டும் தனியா தர்றாங்களான்னு கேளுங்க, மிச்சத்த முதல் வாரமே ஒரு சென்பாய் பக்கத்துல நோட்டோட உக்காந்து கேட்டுக்கலாம். அந்த ஒரு பக்க ஃபோன் ஷீட்ட மறக்காம வாங்கிக்கங்க, கான்ஜி எழுத்துக்கு மேல அத எப்படி படிக்கறதுன்னு ஹிராகானா எழுத்துல போட்ட பிரதியும் இருக்கு, கேட்டாதான் குடுப்பாங்க.