வெனிஸ்: தீவில் தங்கலாமா, மெஸ்த்ரேயில் தங்கலாமா?

வெனிசில் தண்ணீர் சூழ்ந்த பழைய நகரத்திலும் தங்கியிருக்கிறேன், பாலத்துக்கு இந்தப் பக்கம் தரையில் இருக்கும் மெஸ்த்ரேயிலும் தங்கியிருக்கிறேன். கையில் பணமிருந்தால் பழைய நகரமே என்பேன்.

வாடகை மெஸ்த்ரேயில்தான் குறைவு, அறையும் பெரிது. பழைய நகரத்தில் இருக்கும் சாந்தா லூசியா நிலையத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வங்கதேசத்தவர் நிறையக் குடியிருக்கும் ஊர் என்பதால் சோறும் பருப்பும் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய நகரத்தில் பெட்டிதான் முதல் தொல்லை. காரும் பஸ்ஸும் பழைய நகரத்தின் வாசலில் இருக்கும் பியாசாலே ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் நடை அல்லது படகு. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகள். கன்னரேஜோ பகுதியில் எடுத்த அறைக்குப் போய்ச் சேருவதற்குள் தோள்பட்டை கழன்றே போனது. வப்போரெத்தோ எனும் பொதுப் படகில் ஏறலாம். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ.

இவ்வளவு சிரமத்தையும் நான் பொறுத்துக்கொள்ளக் காரணம், அங்கே தங்கினால் கிடைக்கும் நேரம். பகலில் ரியால்தோ பாலத்தில் நிற்கக்கூட இடமிருக்காது. மெஸ்த்ரேயில் தங்குபவர் அந்தக் கூட்டத்தோடு வந்து அந்தக் கூட்டத்தோடு திரும்புகிறார். இரவு ரயில் இருக்கிறதே என்று கேட்கலாம். நாள் முழுக்க நடந்த கால்கள் ஏழு மணிக்கே படுக்கையைத் தேடும், ரயிலேறிவிடுவோம். தீவில் அறை இருந்தால் சற்றுப் படுத்து எழுந்து மறுபடி இறங்கலாம். பத்து மணிக்குமேல் சான் மார்கோ சதுக்கத்தில் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். விடிந்ததும் குப்பைக்காரர் கைவண்டியைத் தள்ளிவந்து படகில் கொட்டுவார். ரியால்தோ சந்தையில் மீன் இறங்கும். பிள்ளைகள் பள்ளிக்கு ஓடும். 1951இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த இந்தப் பழைய நகரத்தில் இன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. எஞ்சியிருப்பவர்களின் ஊராக வெனிஸ் தெரிவது அந்தக் காலை வேளையில்தான். பத்து மணிக்கு ரயிலில் வந்திறங்குபவர் அதைப் பார்க்கவே முடியாது.

நான் போனதெல்லாம் அக்டோபரில். நவம்பர் வெள்ளத்தைத் தடுக்க 2020 முதல் மோசே எனும் கடல் தடுப்புகள் இயங்குகின்றன. ஆனாலும் அந்த மாதத்தில் தரைத்தள அறை எடுக்க நான் தயங்குவேன். மூட்டுவலிக்காரர்கள் சாந்தா லூசியா பக்கத்திலேயே அறை பார்க்கட்டும். கை கடித்தால் ஓரிரவு மட்டும் தீவில் தங்கிவிட்டு, மீதி நாட்களுக்கு மெஸ்த்ரே போகலாம். அந்த ஓரிரவுக்குச் சின்னப் பை போதும்.