பழைய பெட்ஷீட்ல பை தைச்சு மூணரை வருஷம் ஆச்சு, இன்னும் காது மட்டும் நிக்க மாட்டேங்குது

போன ஞாயித்துக்கிழமை ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தைல சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ, தக்காளி ரெண்டு கிலோ, அரசாணிக்கா ஒரு கீத்து, எல்லாத்தையும் நீலப்பூ போட்ட பையில அடைச்சு தோள்ல மாட்டிக்கிட்டு வண்டிகிட்ட வர்றேன், டர்ர்ருனு ஒரு சத்தம். குனிஞ்சு பாக்கறதுக்குள்ள வெங்காயம் பூரா ரோட்டுல. தக்காளி மேல ஒரு டிவிஎஸ் எக்ஸெல் ஏறி போயிருச்சு. பக்கத்துல கீரை வித்துட்டு இருந்த ஆத்தா எந்திரிச்சு வந்து வெங்காயத்த பொறுக்கி குடுத்துட்டு, "ஏஞ்சாமி, கடையில பத்து ரூவாய்க்கு பை விக்கிறானே, வாங்கிக்கலாமல்ல" அப்படிங்குது. நான் என்னத்த சொல்றது. பத்து ரூபாய் பைய விட என் பை நல்லதுன்னு ஊர் பூரா சொல்லிட்டு திரியறவ நான்.

அன்னிக்கு சாயங்காலமே சென்னைல இருக்கற ஃப்ரெண்டு வாய்ஸ் மெசேஜ் போட்டுருக்கா. "ஏன்டி, நீ பழைய துணில பை தைப்பியே, எங்க வீட்லயும் பெட்ஷீட்டு, ஸ்கிரீனு எல்லாம் மூட்டையா கெடக்கு, நானும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், உண்மையா சொல்லு, எப்படி இருக்கு?" நேரம் பாத்து கேட்டா பாருங்க. அவளுக்கு பதில் சொல்ல உக்காந்தது தான் இது, நீளமா போயிருச்சு.

பை எப்படி தைக்கறதுன்னு நான் சொல்லப்போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும், நீளமா ஒரு துண்டு வெட்டி ரெண்டா மடிச்சு ரெண்டு பக்கமும் அடிச்சு, தூக்கறதுக்கு காது வெச்சா பை. நான் சொல்ல வந்தது அந்த காதப் பத்தி மட்டும் தான்.

இதுவரைக்கும் ஒரு அறுபது எழுபது பை தைச்சிருப்பேன். அதுல செத்துப்போனது எல்லாமே காதுகிட்ட தான் செத்துருக்கு. அடி பிஞ்சு ஒரு பை போனதில்ல, பக்கவாட்டு தையல் விட்டு ஒண்ணு கூட போனதில்ல. காதும் அறுந்ததில்ல, அத நாலா மடிச்சு தைக்கறதால அது கயிறு மாதிரி நிக்கும். காது சேர்ற எடத்துல, தையலுக்கு ஒரு நூல் கீழ, பையோட துணி தான் கிழியும். ஞாயித்துக்கிழமை கிழிஞ்சத எடுத்து பாத்தா, நான் பெட்டி போட்டு நடுவுல பெருக்கல் குறி போட்டு அடிச்ச தையல் ஒரு இழை கூட விடல, அவ்ளோ அழகா இருக்கு, அதோட ஒட்டிக்கிட்டு சதுரமா ஒரு துண்டு நீலப்பூ துணி. ஸ்டாம்ப கிழிச்ச மாதிரி ஓரம் பூரா ஓட்டை ஓட்டையா.

இத புரிஞ்சுக்கறதுக்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. மொதல்ல மெஷின் மேல தான் சந்தேகம். மாமியாரோட கருப்பு கால்மெஷின், என் வயசுக்கு மேல அதுக்கு வயசு. டென்ஷன் சரியில்லையோ, பாபின் கேஸ் தேஞ்சிருச்சோன்னு மெக்கானிக்க கூப்பிட்டு தோல் பெல்ட் மாத்தி, எண்ணெய் விட்டு, ஊசிக்கட்ட மாத்தி அறுநூத்தம்பது ரூபாய் குடுத்தேன். அவரு போறப்ப, "அக்கா, மெஷின்ல ஒரு கொறையும் இல்ல, இன்னும் உங்க பேத்தி காலத்துக்கு ஓடும்"னாரு. அப்புறம் நூல் மேல சந்தேகம். காட்டன் நூல விட்டுட்டு நல்ல முறுக்கான பாலியெஸ்டர் நூல் வாங்கி, தையல் நீளத்த கொறைச்சு, நெருக்க நெருக்கமா மூணு சுத்து அடிச்சேன். முன்னாடி ஆறு மாசம் தாங்குன பை இப்ப மூணு மாசத்துல கிழிஞ்சுது. அப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே.

கடைசில எங்க தெரு டெய்லர் அண்ணா தான் சொன்னாரு, கிழிஞ்ச பைய வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு சிரிச்சாரு. "பழைய துணிக்கு இவ்ளோ பலமான நூல் போட்டா நூல் தான் துணிய அறுக்கும், நூல் துணிய விட கொஞ்சம் சொத்தையா இருக்கோணும், அப்பத்தான் தையல் விடும், தையல் விட்டா மறுக்கா அடிச்சுக்கலாம், துணி போனா என்ன பண்ணுவீங்க?" எத்தன நெருக்கமா அடிக்கறோமோ அத்தன ஓட்டை போடறோம். நான் பலப்படுத்தறேன்னு நெனச்சு, கிழிக்கறதுக்கு கோடு போட்டு குடுத்துருக்கேன். ஒரு இஞ்சுக்கு பதினாலு தையல் போட்டுட்டு இருந்தவ இப்ப எட்டுக்கு வந்துருக்கேன், பழைய துணிக்கு காட்டன் நூல் தான், இப்ப கொஞ்சம் பரவால்ல. ஞாயித்துக்கிழமை போனது பாலியெஸ்டர் நூல் காலத்துல தைச்சு மிஞ்சியிருந்த கடைசி பை. அதனால அதுக்காக கோவப்படறது நியாயமில்லன்னு எனக்கும் தெரியும், ஆனா தக்காளி போச்சே.

துணி எங்க வீக்குன்னு பாக்கறதுக்கு இப்ப ஒரு வழி வெச்சிருக்கேன். பெட்ஷீட்ட துவைச்சு காயவெச்சு ஜன்னல்ல வெயில் அடிக்கறப்ப விரிச்சு புடிச்சு பாக்கணும். எங்க கட்டில் டபுள் பெட்ஷீட்ட அப்படி புடிச்சப்ப எனக்கு சிரிப்பு தாங்கல, நடுவுல ரெண்டு ஆள் படுத்த மாதிரி ரெண்டு எடம் சல்லடையா தெரியுது, என் பக்கம் சின்னதா ஒழுங்கா, அவரு பக்கம் உருண்டு உருண்டு தேச்சது அகலமா. மெத்தைக்கு அடியில சொருகுன நாலு ஓரமும் மட்டும் புதுசு மாதிரி. சந்தேகமா இருக்கற எடத்துல ரெண்டு கட்டை விரலையும் சேத்து வெச்சு இழுத்துப் பாத்தா போதும், இழை பிரியற சத்தம் காதுக்கு கேக்கும். 90க்கு 100 இஞ்ச் பெட்ஷீட்ல 18க்கு 38 துண்டு கணக்குப்படி 10 வரணும், மிச்சத்துல காதுக்கும் துணி ஆச்சு. நெஜத்துல 5 வந்தா பெரிய விஷயம். யூட்யூப்ல காட்டறவங்க எல்லாம் கடையில இருந்து வந்த மாதிரி பெட்ஷீட்ட வெட்டறாங்க, பதினோரு வருஷம் படுத்த பெட்ஷீட்ட யாரும் காட்ட மாட்டேங்கறாங்க.

ஸ்கிரீன் துணி பத்தி தனியா சொல்லணும், ஃப்ரெண்டு மூட்டையில அது தான் அதிகமாம். கெட்டியா இருக்கேன்னு ஆசப்பட்டு ஏமாந்துடாதீங்க. வெயில் படற ஜன்னல்ல பத்து வருஷம் தொங்குன காட்டன் ஸ்கிரீன், பாக்க நல்லா தான் இருக்கும், ஆனா மடிப்போட வெளிப்பக்கம் வெயில்ல வெந்துருக்கும். கலர் லேசா வெளுத்த கோடு தெரியும் பாருங்க, அந்த கோட்டுல காது வெச்சீங்கன்னா முடிஞ்சுது கதை. வேஷ்டி வேற மாதிரி ஏமாத்தும், கரை மட்டும் தான் பலம், ஒடம்பு வெறும் காத்து. வேஷ்டில நான் பை தைக்கறத விட்டுட்டேன், கீரைய சுத்தி ஃபிரிட்ஜ்ல வெக்க மட்டும் தான். டர்க்கி டவல்ல தைச்சா உதிர்ற பஞ்சு பாபின்ல போய் அடைச்சுக்கும், வேணாம்.

சரி திட்டிட்டே இருக்கேன், நல்லதையும் சொல்றேன், இல்லன்னா பாவம்.

தலகாணி உறை. இது மாதிரி ஒரு சுகமான வேலை ஒலகத்துல இல்ல, மூணு பக்கம் ஏற்கனவே தைச்சு வருது, வாய மடிச்சு அடிச்சு காது வெச்சா கால் மணி நேரத்துல பை. அதுவும் வாய்ப்பக்கம் தான் துணி தேயாம இருக்கும், தல படற எடம் நடுவுல, அதனால காதும் நிக்குது. பழைய காட்டன்ல இன்னொரு சொகுசு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயம் போக வேண்டியதெல்லாம் போயி, கஞ்சியெல்லாம் கரைஞ்சு வந்து நிக்குது. புதுத் துணி பைய ஒரு தடவ துவைச்சா கோணிக்கிட்டு ஒரு காது மேல ஒரு காது கீழ போகும், இது எத்தன தடவ துவைச்சாலும் அப்படியே. சுருட்டினா ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கும், மீன் வாங்கிட்டு வந்து அலசிப் போட்டா அர மணி நேரத்துல காயும்.

ஜமக்காளம் கதையும் சொல்லணும். மாமியார் கல்யாணத்துக்கு வாங்குன பவானி ஜமக்காளம், ஒரு ஓரம் எலி கடிச்சு பரண்ல கெடந்துச்சு. கடிக்காத பக்கத்த வெட்டி ஒரு பை. 18 நம்பர் ஊசி ரெண்டு ஒடஞ்சுது, ஓரம் மடிக்கற எடத்துல மெஷின் ஓடாம சக்கரத்த கையால சுத்தி சுத்தி தைச்சேன். மூணு வருஷமா மாசாமாசம் அரிசி பத்து கிலோ அதுல தான் வருது, காதுகிட்ட ஒரு இழை அசையல. பைய கீழ வெச்சா தானா நிக்கும்ங்க. அத தூக்கிட்டு போறப்ப எனக்கு ஒரு தெனாவெட்டு.

மாமியாருக்கு இந்த பைகள்ல தனி சந்தோஷம். ஒவ்வொரு பையையும் எடுத்து, இது சின்னவன் பொறந்தப்ப விரிச்சது, இது உங்க மாமனாருக்கு ஆப்பரேஷன் ஆனப்ப ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனது, அப்படின்னு சொல்லிட்டு இருப்பாங்க. மாமனார் பெட்ஷீட்டு பைய மட்டும் கடைக்கு தர மாட்டாங்க, பீரோவுல தொங்குது. அதுக்கு வேலையே இல்ல, அதனால அதோட காது மட்டும் இன்னும் அப்படியே இருக்கு.

அண்ணன் பையன் ஒருத்தன் இருக்கான், குடும்ப க்ரூப்ல எதையாவது போட்டு வம்பிழுக்கணும் அவனுக்கு. "அத்தை, துணிப்பைய 7100 தடவ யூஸ் பண்ணாத்தான் பிளாஸ்டிக்க விட நல்லதாம், டென்மார்க்ல சொல்லிட்டாங்க" அப்படின்னு. தேடிப் படிச்சேன், 2018ல டென்மார்க் சுற்றுச்சூழல் துறை போட்ட கணக்கு அது, பொய்யில்ல. ஆனா அந்த 7100 எல்லா வகை பாதிப்பையும் சேத்து பாத்தா வர்றது, பூமி சூடாகறத மட்டும் பாத்தா சாதா காட்டன் பைக்கு 52 தடவ தான். அதுவும் பைக்குன்னே பருத்தி வெளைய வெச்சு, நூத்து, நெய்ஞ்சு, புதுசா செய்யற பைக்கு. என் துணி ஏற்கனவே பதினோரு வருஷம் பெட்ஷீட்டா ஒழைச்சுட்டு வந்தது, அதுக்கு எங்கடா வெளஞ்ச கணக்குன்னு கேட்டேன், பதில காணோம். ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்றேன், பாலியெஸ்டர் நூல்ல தைச்ச பைல ஒண்ணுக்கு நான் சும்மா காலண்டர்ல கோடு போட்டு எண்ணிட்டு வந்தேன். 41வது தடவ காது போச்சு. அந்த 52 கூட வரல! க்ரூப்ல இத நான் சொல்லல.

அதுக்காக கடை பை நல்லதுன்னு அர்த்தம் இல்ல. 2019 ஜனவரி 1ல இருந்து இங்க பிளாஸ்டிக் தடை வந்தப்ப, துணி மாதிரியே தெரியற பைய பல கடைல குடுத்தாங்க, அது துணியே இல்ல, பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக், அதுவும் அந்த தடை பட்டியல்லயே இருந்துச்சு. வெயில்ல ரெண்டு மாசம் கெடந்தா அப்பளம் மாதிரி நொறுங்கி தூளா போகும். 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு அரசாங்கம் ஆரம்பிச்ச பின்னாடி தாம்பூலத்துக்கு எல்லாரும் மஞ்சப்பை குடுக்கறாங்க, நல்ல விஷயம் தான். மஞ்சப்பை தூக்குனா பட்டிக்காடுன்னு சிரிச்ச ஊரு, இப்ப அதுல பேரு போட்டு குடுக்குது. ஆனா கல்யாணத்துல வாங்குன ஒரு பைல தேங்காய் ரெண்டு வெச்சதுக்கே காது இழுத்துக்கிச்சு. ஆக காது எல்லாருக்கும் தான் பிரச்சனை, எனக்கு மட்டும் இல்லங்கறதுல ஒரு ஆறுதல்.

இப்ப ஒரு வழி கண்டுபுடிச்சு ஓட்டிட்டு இருக்கேன். காத வாயோட நிறுத்தாம, பையோட அடி வரைக்கும் கீழ எறக்கி, அடில சுத்தி அடுத்த பக்கம் ஏத்தி கொண்டு வர்றது. கனம் பூரா அந்த பட்டை மேல உக்காந்துக்கும், துணிக்கு சும்மா மூடிக்கிட்டு இருக்கற வேலை தான். பட்டைக்கு பெட்ஷீட்டோட கரையையே நீளமா கிழிச்சு நாலா மடிச்சுக்கறேன், பத்தலைன்னா கட்டில் நாடா. இப்படி தைச்சது ஏழு பை, பத்து மாசம் ஆச்சு, ஒண்ணும் கிழியல. ஆனா கால் மணி நேர வேலை ஒண்ணேகால் மணி நேரம் ஆகுது, முதுகு வலி வேற. ஏழுல நாலு பைய சொந்தக்காரங்க "இரு, கொண்டு வந்து தர்றேன்"னு வாங்கிட்டு போனாங்க, அதோட சரி.

அதனால ஃப்ரெண்டு, கேட்டதுக்கு உண்மையா பதில்: வேணாம்டி. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் தான் குடுப்பேன். மெஷின் வாங்கற காசுக்கு ஆயுசுக்கும் பை வாங்கலாம், தலகாணி உறைய மட்டும் கைத்தையல்லயே போட்டுக்கோ, மிச்சத்த பாத்திரக்காரருக்கு போட்டு ஒரு குண்டான் வாங்கிக்கோ.

இல்ல இரு, பாத்திரக்காரருக்கு போடாத. பெட்ஷீட்டு எத்தன இருக்குன்னு எண்ணி சொல்லு, ஓரம் நல்லா இருக்கா பாரு. பொங்கலுக்கு வர்றப்ப அந்த மூட்டையோட வா. வேஷ்டி மட்டும் வேணாம்.